இலவச நுழைவா, நம்மாள் வழிகாட்டியா?

சுற்றுவட்டாரத்து மக்கள் எல்லாரும் உள்ளே வர வேண்டும் என்று ஒரு கலை அருங்காட்சியக இயக்குநர் நினைத்தால், முதலில் தோன்றும் யோசனை டிக்கெட்டை எடுத்துவிடுவது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் அதை உருப்படியாகச் செய்தது. 2012 ஆகஸ்டில் வெய்ன், ஓக்லண்ட், மெக்கோம்ப் கவுண்டிகளின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) வாக்காளர்கள் சொத்து வரியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளச் சம்மதித்தார்கள். ஒன்றரை லட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 15 டாலர். பதிலுக்கு மூன்று கவுண்டிக்காரர்களுக்கும் டெட்ராய்ட் கலைக்கூடத்தில் பொது நுழைவு இலவசம்.

என்னைக் கேட்டால், அதில் கெட்டிக்காரத்தனம் டிக்கெட்டைவிட பஸ்ஸில்தான் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவரும் பேருந்துச் செலவையும் அந்த வரிப்பணமே ஏற்றது. கிளம்பவே வழியில்லாதவருக்கு வாசலில் சலுகை கொடுத்து என்ன பயன்?

டிக்கெட்டை மட்டும் எடுத்தால் என்னவாகும் என்பதை பிரிட்டனில் பார்க்கலாம். 2001 டிசம்பரோடு தேசிய அருங்காட்சியகங்கள் இலவசமாயின. கூட்டம் எகிறியது. ஆனால், ஏற்கெனவே வந்துகொண்டிருந்த படித்த, வசதியான குடும்பங்களே இன்னும் அடிக்கடி வருகின்றன என்ற குறை அங்கே பரவலாகப் பேசப்பட்டது.

பெர்லின் போட்ட கணக்கு வேறு. சிரியாவிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் அகதிகளாக வந்தவர்களையே வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்து, நான்கு அருங்காட்சியகங்களில் அரபியில் இலவசமாகச் சுற்றிக்காட்ட வைத்தது, 2015இல் தொடங்கிய 'முல்தக்கா' திட்டம். அவற்றுள் ஒன்றான இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் 'அலெப்போ அறை' என்று ஒன்று உண்டு. 1600களின் தொடக்கத்தில் அலெப்போவில் ஒரு கிறிஸ்தவ வணிகர் தன் வீட்டு வரவேற்பறைக்குச் செய்வித்த வண்ண மரப்பலகைகள் அவை. போருக்குத் தப்பி வந்த ஒரு சிரியக் குடும்பத்துக்கு இன்னொரு சிரியர் அதைத் தாய்மொழியில் விளக்குவது, எந்த ஆடியோ கருவிக்கும் எட்டாத வேலை. ஒரே சிக்கல்: வருகிறவர்களின் ஊர்ப் பொருள் சேகரிப்பில் இருந்தால்தான் இது இவ்வளவு எடுபடும். தவிர, ஒரு வழிகாட்டி ஒரு நேரத்தில் சின்னக் கூட்டத்தைத்தான் கூட்டிப்போக முடியும்.

சேகரிப்பில் அப்படிப்பட்ட பொருள் இல்லாத அருங்காட்சியகங்கள் அமெரிக்காவின் பால்டிமோரைப் பார்க்கலாம். 2006 முதல் இலவசமான அங்குள்ள கலை அருங்காட்சியகத்தில், 2022இல் கூடங்களில் காவலுக்கு நிற்கும் 17 ஊழியர்களே படங்களைத் தேர்ந்தெடுத்துக் கண்காட்சி வைத்தார்கள். நாள் முழுக்கப் படங்களோடு நிற்பவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும்தானே!

வருடத்துக்கு ஒருமுறை மேளதாளத்தோடு நடத்தும் 'பண்பாட்டு நாள்' இந்தப் போட்டியிலேயே இல்லை. மறுநாளே கூடம் காலி.

டெட்ராய்ட் போல வரிப்பணம் கிடைக்குமென்றால் பஸ்ஸோடு சேர்த்து டிக்கெட். கைப்பணம் கொஞ்சம்தான் என்றால் முதலில் வழிகாட்டிகள், அதுவும் சம்பளத்துக்கு. தொண்டு என்ற பேரில் ஓசியில் வேலை வாங்கினால், ஓய்வும் வசதியும் உள்ளவர்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள்.