பாபுல் (மெல்லும் புகையிலை) பழகிய பிள்ளைக்குத் தடையா, சிகிச்சையா?

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியா பக்கத்து அக்கா ஒருவர் கேட்டார்: "கடையில விக்கிறத நிப்பாட்டினா போதாதா தம்பி? கிளினிக் போனா ஒரு நாள் பேர், அதான் நாட்சம்பளம், போயிடுதே." பல வீடுகளில் இதே தவிப்புத்தான்.

கிடைப்பது: 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலை விற்பது 2006 சட்டப்படி குற்றம். பாபுல் போன்றவை 2016 முதல் தடை. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக் கடையில் கண்ணில் படாவிட்டாலே புதிதாகத் தொடும் பிள்ளைகள் குறைவார்கள். சிகிச்சையால் இது முடியாது.

ஏக்கம்: தடை தோற்பது இங்கேதான். நிறுத்திய முதல் சில நாட்கள் எரிச்சலும் தூக்கமின்மையும் பிள்ளையைப் பாடாய்ப்படுத்தும். பாபுல் கிடைக்காவிட்டால் சிகரெட், அதுவும் இல்லையென்றால் வேறு ஏதாவது. அந்த நேரத்தைத் தாண்டப் பழக்குவது சிகிச்சைதான். எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சரை (காகிதப் பொட்டலம்) பாபுல் மடித்து வைத்திருப்பான். ஆலோசனைக்குப் போன பிறகு அதே சரையில் கராம்பு இருந்தது. வாய் கேட்கும்போதெல்லாம் ஒன்றை மெல்லுவான்.

செலவு: தடைக்கு வீட்டில் செலவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியிலும் சிகிச்சை இலவசம். பஸ் காசும் அந்த ஒரு பேரும்தான் பாரம். முதலில் 1927க்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

சரி, யாருக்கு எது? இன்னும் தொடாத பிள்ளை என்றால் கடைக்காரரிடம் பேசுங்கள், தடையே பெரிய காவல். பழகிவிட்டவனுக்குச் சிகிச்சைதான் முதலில். ஹெரோயின் என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்: இடையில் நிறுத்தியவன் பழைய அளவுக்கே திரும்பினால் உயிரே போகலாம்.