லிஃப்ட் பண்ணின பழைய ஃபோர் பை ஃபோர் வெச்சிருக்கீங்களா? "பெட்ரோல் மிச்சம் பண்ற கிட்"னு யாராவது சொன்னா பணம் கட்டாதீங்க, எனக்கு 8,600 ரேண்ட் போச்சு

தென்னாப்பிரிக்கால டர்பன், சேட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மாரிட்ஸ்பர்க் பக்கம் இருக்கற நம்ம ஆளுங்க எல்லாரும் தயவுசெஞ்சு இதப் படிங்க, படிச்சிட்டு பழைய பக்கி (பிக்கப் வண்டி) வெச்சிருக்கறவங்களுக்கு அனுப்பி விடுங்க. 8,600 ரேண்ட். பெட்ரோல் செலவ குறைச்சுத் தர்றேன்னு சொல்லி வாங்கினாங்க. இன்னைக்குக் காலைலதான் "எங்க சைட்ல இனிமே பண்றதுக்கு ஒண்ணும் இல்ல"ன்னு மெசேஜ் போட்டு என் நம்பர பிளாக் பண்ணியிருக்காங்க, கை நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

என் வண்டி 2003 ஹைலக்ஸ் டபுள் கேப், 2.7 பெட்ரோல். ரெண்டு இன்ச் லிஃப்ட், அதாவது அவ்ளோ உயரம் ஏத்தினது, 31 இன்ச் டயர எடுத்துட்டு 33 போட்டது, முன்னாடி இரும்பு புல்பார், மேல ரூஃப் ரேக். ஷோவுக்காகப் பண்ணினது இல்லைங்க. எனக்கு போர் பம்ப் மாட்டற வேலை, அண்டர்பெர்க் பக்கம் ஃபார்ம் ரோடுங்க மழை பேஞ்சா எப்படி இருக்கும்னு போனவங்களுக்குத் தெரியும், சாதா வண்டி வயித்துல இடிச்சு நின்னுடும். ஆனா இப்படிப் பண்ணினா வண்டி குடிக்கும், அதுவும் தெரியும். நூறு கிலோமீட்டருக்கு 16, 16.5 லிட்டர். மாசாமாசம் முதல் புதன்கிழமை பெட்ரோல் விலை மாறும்போதெல்லாம் வயித்தக் கலக்கும், ஏன்னா கஸ்டமர்கிட்ட போன மாசமே விலை பேசி முடிச்சிருப்போம், ஏறின காசு நம்ம கையிலிருந்துதான் போகும்.

அப்படி விலை ஏறப்போற ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, பெட்ரோல் பங்க்ல நீள க்யூல நின்னுட்டு இருக்கும்போதுதான் அந்த விளம்பரம் கண்ணுல பட்டுச்சு. பழைய சாமான், வண்டி எல்லாம் வாங்கி விக்கற ஒரு ஆன்லைன் பிளாட்ஃபார்ம். பேர் சொல்லல. கடை டர்பனுக்கு வெளிய பைன்டவுன் பக்கம், ஃபோர் பை ஃபோர் சாமான் மாட்டற ஒர்க்‌ஷாப் மாதிரி. "லிஃப்ட் பண்ணின பழைய வண்டிக்குன்னே செஞ்ச எகானமி பேக்கேஜ், 30 சதவீதம் மிச்சம், இல்லன்னா பணம் வாபஸ்." மெசேஜ் போட்டேன், அஞ்சு நிமிஷத்துல பதில். வாங்கறதுக்கு முன்னாடி எல்லாம் அஞ்சு நிமிஷத்துல பதில் வந்துச்சு, அத மட்டும் மனசுல வெச்சுக்கோங்க.

3,000 அட்வான்ஸ், மாட்டின பிறகு 5,600.

இப்ப நான் நம்பின இடத்த சொல்றேன், ஏன்னா நீங்களும் அங்கதான் நம்புவீங்க. கடைல ஒரு தம்பி, முப்பது வயசு இருக்கும், நெத்தில விபூதி, சுவத்துல முருகன் படம். "வணக்கம்ணா, டீ சாப்பிடறீங்களாண்ணா"ன்னு உக்கார வெச்சான். பேசப் பேச மவுண்ட் எட்ஜ்கோம்ப் கோயில், காவடி, அவங்க பாட்டி கரும்புத் தோட்டத்துல வேல பாத்தது வரைக்கும் சொன்னான். அதுக்காக மட்டும் நான் காசு குடுக்கல. அவன் சொன்னது இதுதான்: "வாய்ல சொல்றத நம்பாதீங்கண்ணா, மாட்டறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட், மாட்டின பிறகு ஒரு டெஸ்ட், நீங்களும் வண்டில உக்காருங்க, உங்க கண்ணால பாத்துட்டு மிச்சத்தக் குடுங்க." இதுக்கு மேல நேர்மையா ஒருத்தன் என்னத்தப் பேச முடியும்? இப்படிச் சொல்றவன யாரு சந்தேகப்படுவா?

பக்கத்து பங்க்ல டேங்க் நிறைச்சான். பெட்ரோல் போடற பையன்கிட்ட பம்ப் தானா க்ளிக் ஆகி நின்ன பிறகும் இன்னும் ஊத்தச் சொல்லி, வண்டிய ஆட்டி ஆட்டி வாய் வரைக்கும் ரொப்பினான். எம் 13 ரோட்ல ஃபீல்ட்ஸ் ஹில் ஏறி, க்லூஃப் தாண்டி, ஹில்க்ரெஸ்ட் வரைக்கும் ஓட்டினோம், ஏசி போட்டு. அங்கயும் அதே மாதிரி வாய் வரைக்கும் ரொப்பி, என் வண்டி ட்ரிப் மீட்டர்ல இருந்த கிலோமீட்டர எடுத்து வகுத்தான், நூறுக்கு 21 லிட்டர். "பாருங்கண்ணா, எவ்ளோ குடிக்குது உங்க வண்டி." எனக்கே பயமாப் போச்சு. கடைக்கு வந்து சாமான் எல்லாம் மாட்டினான், மத்தியானம் ஆச்சு. ரெண்டாவது டெஸ்ட்டுக்கு "இப்பவே ஆரம்பிச்சா இன்ஜின் சூடாகாம இருக்கும்ணா, ஓட்டி சூடு பண்ணிட்டு மேல போய் ஆரம்பிப்போம்"னு ஹில்க்ரெஸ்ட்ல மறுபடி வாய் வரைக்கும் ரொப்பி, அங்கிருந்து கீழ பைன்டவுன் வந்தோம். தூரத்துக்கு இந்தத் தடவ அவன் ஃபோன் ஜிபிஎஸ். வந்து நிறைக்கும்போது க்ளிக் ஆனதும் "போதும் போதும்"னு நிறுத்திட்டான். நூறுக்கு 13. "38 சதவீதம்ணா! சொன்னது 30தான்." கைய குலுக்கினான், அங்கயே 5,600 ட்ரான்ஸ்ஃபர் பண்ணினேன். மொத்தம் 8,600 ரேண்ட்.

மாட்டினது என்னன்னா, பெட்ரோல் பைப்ல சுத்தி கட்டற ரெண்டு காந்தம், காத்து போற ஹோஸ் உள்ள தகரத்துல விசிறி மாதிரி ஒண்ணு, "எகானமி சிப்"னு ஸ்டிக்கர் ஒட்டின சின்ன கறுப்பு டப்பா, டேங்க்ல போட ஒரு பாட்டில் மாத்திரை.

அதுக்கப்புறம் வேலைக்கு ஓட்டினேன். டேங்குக்கு டேங்க் கணக்கு நான் ரொம்ப வருஷமா நோட்ல எழுதறவன், வேலைக்கு பில் போடணும்ல. 16.5 இருந்தது கிட்டத்தட்ட 18 ஆயிடுச்சு. குறையல, ஏறுது! சைலன்சர் வாய்ல விரல வெச்சா கரி. நின்னா இன்ஜின் ஒரு மாதிரி ஏறி இறங்குது.

ஃபோன் பண்ணினேன். "சிப் உங்க ஓட்டுற ஸ்டைல கத்துக்கணும்ணா, 500 கிலோமீட்டர் போகட்டும்." போச்சு. "1,000 போகட்டும்ணா." அதுவும் போச்சு. "ஆக்டேன் 93 பெட்ரோல் போடறீங்களா 95 போடறீங்களா?" டர்பன்ல நான் போடறது 95தான்யா. "அப்ப அந்த பங்க் பெட்ரோல் சரியில்ல, வேற பங்க் மாத்துங்க." மாத்தினேன். "அலைன்மென்ட் பாருங்க." அதுக்குத் தனியா காசு குடுத்துப் பாத்தேன், சரியாதான் இருந்துச்சு. அதுக்கு மேல அந்தத் தம்பி ஃபோன் எடுக்கறதில்ல, ஒரு பொண்ணு எடுத்து "ஓனர் ஜோபர்க்ல இருக்காரு சார்"னு சொல்லும். அண்ணா போய் சார் ஆயிட்டேன். நேர்ல போனேன், பணம் வாபஸ்னு சொன்னீங்களேன்னு கேட்டேன், இன்வாய்ஸ்ல கீழ பொடி எழுத்துல "எலெக்ட்ரிகல் சாமான் மாட்டின பிறகு வாபஸ் இல்ல"ன்னு இருக்கறதக் காட்டினாங்க, "உங்க முன்னாடிதானே சார் டெஸ்ட் பண்ணினோம், 38 சதவீதம்னு நீங்களே கையெழுத்து போட்டிருக்கீங்க"ன்னு அந்தப் பேப்பர எடுத்து நீட்டினாங்க. அந்த டெஸ்ட்ட எதுக்கு அவ்ளோ ஆசையா பண்ணினாங்கன்னு அப்பதான் புரிஞ்சுது. பிளாட்ஃபார்ம்ல கம்ப்ளெயின்ட் குடுத்தா, "நாங்க விளம்பரம் போட இடம் மட்டும்தான் குடுக்கறோம், வித்தவரோட பேசிக்கோங்க"ன்னு மெஷின் எழுதின மாதிரி ஒரு பதில். விளம்பரம் இன்னும் அப்படியே ஓடுது, அதப் பாக்கும்போதுதான் வயிறு எரியுது.

ஃபீனிக்ஸ்ல எங்க மாமா பையன் மெக்கானிக். அவன்கிட்ட வண்டிய விட்டேன். டப்பாவ உடைச்சுப் பாத்தான். ஒரு சின்ன எல்இடி லைட்டு, ஒரு ரெசிஸ்டர், அவ்ளோதான். சில்லறைக் காசு பெறும். அத இன்ஜினுக்குள்ள போற காத்தோட சூட்டச் சொல்ற சென்சார் ஒயர்ல அந்தக் கடைக்காரத் தம்பி செருகியிருக்கான். இன்ஜின் கம்ப்யூட்டருக்கு வெளிய ரொம்பக் குளிர்னு தகவல் போகும், குளிர்ந்த காத்து அடர்த்தி ஜாஸ்தி, அதனால அது பெட்ரோல இன்னும் ஊத்தும். அதான் கரி, அதான் 18. தகரத்து விசிறி காத்த மறிக்கறதத் தவிர ஒண்ணும் பண்ணாது. காந்தம் கதையும் புதுசு இல்லையாம். அமெரிக்க சுற்றுச்சூழல் ஏஜென்சி, ஈபிஏ, இந்த மாதிரி பெட்ரோல் மிச்சம் பண்ற சாமான் நூத்துக்கும் மேல ஆராய்ஞ்சும் சோதிச்சும் பாத்து, சொல்லிக்கற அளவுக்கு மிச்சம் பண்ற ஒண்ணக்கூட கண்டுபிடிக்கல.

டெஸ்ட்ல நடந்தத அவன் பேப்பர்ல போட்டுக் காட்டினான். முதல் டெஸ்ட் மேடு ஏறினது, ரெண்டாவது அதே மேட்ட இறங்கினது. அதோட டயர். 31 இன்ச்சுக்கு செட் பண்ணின ஸ்பீடோமீட்டர், 33 போட்டா ஒவ்வொரு சுத்துக்கும் ஆறரை சதவீதம் ஜாஸ்தி தூரம் போவோம், மீட்டருக்கு அது தெரியாது. மீட்டர் 100 காட்டினா நிஜமா போனது 106.5. முதல்ல மீட்டர், அப்புறம் ஜிபிஎஸ்னு மாத்தினதுல மட்டுமே ஆறு சதவீதம் "மிச்சம்" வந்துடும், ஒரு ஸ்க்ரூவக்கூட தொடவேணாம். என் 16.5 கூட உண்மைல 15.5தான். அதோட பாருங்க, அவ்ளோ குட்டி தூரத்துல ரெண்டு டெஸ்ட்டுக்கும் நடுவுல வித்தியாசமே ஒரு லிட்டர் சொச்சம்தான், வாய் வரைக்கும் ரொப்பறதுக்கும் க்ளிக்ல நிறுத்தறதுக்கும் நடுவுல அதுல பாதிக்கு மேல மறைச்சிடலாம். ஒவ்வொண்ணும் தெரிஞ்சே பண்ணினது. லிஃப்ட் பண்ணின வண்டின்னு விளம்பரத்துல போட்டதே இந்த டயர் கணக்குக்காகத்தான்.

நிஜமா என்ன பண்ணினா குறையும்னு விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்ப பொறுமை இல்ல, சுருக்கமா சொல்றேன். ரூஃப் ரேக் வேலை இல்லாதப்ப கழட்டி வைங்க. என்3 நெடுஞ்சாலைல 120 போகாம 100ல போங்க, காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறும், 100லேர்ந்து 120க்கு 44 சதவீதம் ஜாஸ்தி, உயரமான வண்டிக்கு அது பெரிய அடி. மண் ரோட்டுக்காக இறக்கின டயர் காத்த தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப ஏத்துங்க. முன் சக்கரத்துல கையால திருப்பற ஹப் (ஃபோர் பை ஃபோர் பூட்டு) இருந்தா ஃப்ரீல இருக்கான்னு பாருங்க. இன்ஜின் சூட்ட சரியா வெச்சிருக்கற தெர்மோஸ்டாட், பிளக், ஏர் ஃபில்டர், ஒட்டிக்கிட்டு இருக்கற பிரேக், இத ஒரு நல்ல மெக்கானிக்கிட்ட காட்டுங்க. 33 போட்டு வண்டி இழுக்கத் திணறினா டிஃப் ரேஷியோ (ஆக்ஸில்ல இருக்கற பல்சக்கர விகிதம்) மாத்தறதப் பத்திக் கேளுங்க, செலவு ஜாஸ்தி, கணக்குப் பாத்துட்டு பண்ணுங்க. மாமா பையன் அந்த டப்பாவ கழட்டி, பழைய தெர்மோஸ்டாட்ட மாத்தினான், இப்ப கரி இல்ல.

கடைல டெஸ்ட்னு சொன்னா, போக வர ரெண்டு வழியும், ஒரே பங்க், ஒரே பம்ப், ரெண்டுக்கும் ஜிபிஎஸ், டேங்க் பாதிக்கு மேல காலியாகற வரைக்கும் ஓட்டணும்னு சொல்லுங்க. ஒத்துக்கலன்னா எழுந்து வாங்க. எந்தப் பேப்பர்லயும் சதவீதம் எழுதிக் கையெழுத்து போடாதீங்க. விளம்பரத்த ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, நான் எடுத்து வெச்சிருக்கேன்.

பொடி எழுத்தக் காட்டினா பயந்து திரும்பிடாதீங்க. இங்க 2008ம் வருஷ கன்ஸ்யூமர் ப்ரொடெக்‌ஷன் ஆக்ட் இருக்கு, சரியில்லாத சாமான 6 மாசத்துக்குள்ள திருப்பலாம், ரிப்பேரா வேற சாமானா பணமான்னு நாமதான் சொல்லணும், கடைக்காரன் இல்ல. மோட்டார் இண்டஸ்ட்ரி ஆம்புட்ஸ்மன்னு வண்டி சம்பந்தமான புகாருக்குன்னே ஒரு ஆபீஸ் இருக்கு, அங்க ஃபார்ம் போட்டுட்டேன். ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட்ல 20,000 ரேண்ட் வரைக்கும் வக்கீல் இல்லாம கேஸ் போடலாம், அதுக்கு முன்னாடி 14 நாள் டைம் குடுத்து லெட்டர் ஆஃப் டிமாண்ட், அதாவது பணத்தக் கேட்டு ஒரு லெட்டர், அனுப்பணும். லெட்டர் ரெடி, உடைச்ச டப்பா ஃபோட்டோவும் கூட வெச்சிருக்கேன், திங்கட்கிழமை கைலயே கொண்டு போய் குடுத்து கையெழுத்து வாங்கப் போறேன். 8,600 ரேண்ட், ஒரு சென்ட் விட மாட்டேன். பைன்டவுன் பக்கம் இதே "38 சதவீதம்" பேப்பர்ல கையெழுத்து போட்டவங்க யாராவது இருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, சேர்ந்தே போவோம்.