மொத்தமாக வாங்குவதா, மாதாமாதம் வாங்குவதா? மணமுறிவுக்குப் பின் பிள்ளைக்கான ஜீவனாம்சம்

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள குடும்பநல நீதிமன்றத்தில் இருவரும் ஒப்புக்கொண்டு மணமுறிவு கேட்கும் என் தங்கையின் கூட்டு மனு தாக்கலாவதற்கு முந்தைய நாள், உடன்படிக்கையின் நகலைப் படித்துப் பார்த்தேன். ‘மனைவிக்கும் குழந்தைக்கும் நிரந்தர ஜீவனாம்சமாக மொத்தம் ரூபாய் பத்து லட்சம்’ என்று ஒரே வரியில் விஷயம் முடிந்திருந்தது. இதில் நான்கு வயதுப் பையனுடைய பங்கு எவ்வளவு என்று கேட்டேன். இரு தரப்பிலும் எவராலும் சொல்ல முடியவில்லை. தாய்க்குரியதும் பிள்ளைக்குரியதும் வெவ்வேறு உரிமைகள் என்பதால், எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் இந்த இரண்டையும் தனித்தனி வரிகளாகப் பிரித்து எழுதியாக வேண்டும்.

மொத்தத் தொகையின் வசதியை நான் மறுக்கவில்லை. டிமாண்ட் டிராஃப்ட் கைக்கு வந்த அன்றே வழக்கு முடிகிறது. மறுபடி வாய்தா இல்லை, மாதம் பிறந்தால் ‘பணம் போட்டாச்சா’ என்று கேட்டு நிற்க வேண்டியதும் இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் பத்து லட்சமும் பையனுக்கே என்று வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டிக்கு வங்கியில் போட்டால், வட்டி மட்டும் மாதம் 5,833 ரூபாய் வரும். அசலையும் சேர்த்துச் சிறிது சிறிதாக எடுத்து, அவனுக்கு 18 வயதாகும்போது கணக்கு தீரும்படி செலவிட்டால், மாதம் ஏறத்தாழ 9,350 ரூபாய் கிடைக்கும். இதுவோ எல்.கே.ஜி. முதல் பிளஸ் டூ வரை ஏறாமல் நிற்கும் தொகை. மாறாக, மாதம் 10,000 ரூபாயில் தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பத்து விழுக்காடு கூட்டித் தருவதாக எழுதினால், கடைசி இரண்டு ஆண்டுகளில் மாதம் 17,716 ரூபாய் வரும்.

செலவு எப்படி ஏறுகிறது என்பதற்கு என் தங்கையின் எண்பது பக்க நோட்டே சாட்சி. ஜூன் மாதப் பக்கத்தில் முதல் பருவக் கட்டணம், இரண்டு செட் சீருடை, ஷூ, வேன் முன்பணம் என்று வரி நிரம்பி ஓரத்திலும் எழுதியிருக்கிறாள். ஆகஸ்ட் பக்கத்தில் காய்ச்சல், இரத்தப் பரிசோதனை, மீண்டும் இரத்தப் பரிசோதனை. நோட்டில் ஒரு மாதத்துத் தொகைகூட மற்றொரு மாதத்துத் தொகையைப் போல இல்லை.

மாதத் தொகையின் பலவீனம் வசூலில் இருக்கிறது. கட்டாமல் விட்டால், எந்த மதத்தவருக்கும் பொருந்தும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு (2024 ஜூலை 1-க்கு முன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு) கைகொடுக்கும். அந்தப் பிரிவின்படி பெற்ற உத்தரவை மீறினால், நிலுவையான ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறையில் வைக்கலாம். சிறையில் இருந்துவிட்டதால் பாக்கி தீர்ந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1988-இலேயே சொல்லிவிட்டது. ஆனால் தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனு போட வேண்டும். ‘கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்’ என்று இருந்துவிட்டு இந்தக் கெடுவைத் தவறவிடும் தாய்மார்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. தந்தை சம்பளக்காரர் என்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்படி சம்பளத்தையே ஜப்தி செய்யலாம்; சாதாரணமாகக் கடன் கொடுத்தவரைவிட ஜீவனாம்ச டிக்ரி (நீதிமன்றத் தீர்ப்பாணை) பெற்றவருக்குச் சட்டம் கூடுதல் இடம் தருகிறது, சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் விட்டுவைத்தால் போதும்.

ஆகவே என் தீர்மானம் தந்தையின் வருமானம் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது. அரசு வேலையிலோ நிலையான நிறுவன வேலையிலோ இருப்பவரிடம் மாதத் தொகையே கேட்க வேண்டும். சொந்தத் தொழில், கமிஷன் வருமானம், வெளிநாடு போகும் எண்ணம் ஆகியவை இருந்தால் மொத்தத் தொகையே பாதுகாப்பு; அப்போதும் பணம் பிள்ளையின் பெயரில் வைப்புத்தொகையாக இருக்க வேண்டும், வட்டி மட்டுமே தாய்க்கு வர வேண்டும், அதை ஈடுவைத்துக் கடன் வாங்கக் கூடாது என்ற நிபந்தனைகள் உடன்படிக்கையிலேயே இடம்பெற வேண்டும். வருமானத்தை மறைப்பார் என்ற அச்சம் உள்ளவர்களுக்கு, 2020 நவம்பர் 4-ஆம் தேதி ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பெரிய உதவி. ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம் பற்றிய பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும் என்றும், ஜீவனாம்சம் மனு போட்ட நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்றும் அது கூறியது. தாய் போதிய அளவு சம்பாதிப்பவரானால் பிள்ளையின் செலவை இருவரும் வருமானத்துக்கேற்பப் பகிரலாம் என்றும் அதில் உள்ளது, இது நியாயமே.

‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று தாய் கையெழுத்திட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலர் நம்புகிறார்கள். பிள்ளையின் உரிமையைப் பெற்றோர் தங்களுக்குள் எழுதித் தீர்த்துவிட முடியாது. இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, டிக்ரி வந்த பிறகும் பிள்ளையின் பராமரிப்பு, படிப்பு குறித்த உத்தரவைக் காலத்துக்கேற்ப மாற்ற நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

எங்கள் வீட்டில் கடைசியில் இரண்டையும் கலந்தோம். என் தங்கைக்குரியதை மொத்தமாக வாங்கிக்கொண்டு, பையனுக்கு ஏறுமுகமான மாதத் தொகையும், பள்ளிக் கட்டணத்தைத் தந்தையே நேராகப் பள்ளியின் கணக்கில் செலுத்துவதும் என்று உடன்படிக்கையைத் திருத்தி எழுதினோம். அதிகம் போராடியது 18 வயதுக்குப் பிந்தைய வரிக்காகத்தான். மணமாகாத, தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாத மகளுக்கு 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் அந்த வயதுக்குப் பிறகும் துணை நிற்கிறது; மகனுக்கோ அந்தச் சட்டத்தில் உரிமை 18 வயதோடு முடிகிறது, கல்லூரிக் கட்டணமும் அந்த வயதில்தான் வந்து நிற்கிறது. முதல் பட்டப் படிப்பின் கட்டணத்தில் பாதியைத் தருவதாகப் பையனின் தந்தை ஒப்புக்கொண்டு, அந்த வரிக்கு நேரே ஓரத்தில் கையொப்பமிட்ட பிறகுதான் என் தங்கை கூட்டு மனுவில் கையெழுத்திட்டாள்.