கடற்கரை பல்கனிக்கு ஜெரேனியமா, பட்டிப்பூவா?

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பல்கனி கடலைப் பார்த்தது. வைகாசி பிறந்தால் தென்மேல் பருவக்காற்று உப்பை அள்ளி வந்து யன்னல் கண்ணாடியில் பூசிவிடும். அங்கே ஜெரேனியம்தான் வைக்க வேண்டும் என்று தங்கைக்கு ஆசை. குளிரான மலைநாட்டு நுவரெலியாவில் பார்த்து வந்த பூ அது.

முதலில் பெயர்க் குழப்பம். நுவரெலியாச் சாடிகளில் குலைகுலையாகச் சிவக்கும் அந்தச் செடி பெலார்கோனியம், பூர்வீகம் தென்னாபிரிக்கா. 1789இலேயே அதைத் தனிப் பேரினமாகப் பிரித்துவிட்டார்கள், ஆனால் ஜெரேனியம் என்ற பழைய பெயர் வாயை விட்டுப் போகவில்லை. அசல் ஜெரேனியம் குளிர்நாட்டுச் செடி. பனிக்காலத்தில் பெரும்பாலும் மண்ணுக்குள் ஒடுங்கி, பிறகு துளிர்க்கும். அதில் சங்குயினியம் என்ற இனம் ஐரோப்பியக் கடலோர மணல்மேடுகளிலேயே வளர்கிறது. ஆகவே உப்புக்காற்றை அது தாங்கும். கொழும்பில் அதைக் கொல்வது வெக்கை: இரவிலும் 24, 25 பாகை, ஓய்வெடுக்க ஒரு குளிர்காலம் கிடையாது. விதைக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

பெலார்கோனியத்துக்கு ஒரு வாய்ப்பு உண்டு. வட்ட இலை வகையில் இரண்டு கன்று வைத்தோம். மழை தொடங்கியதும் தண்டு அடியில் கறுத்து அழுகிப் போயின. தங்கை அழாத குறை. அப்புறம் ஐவி போலத் தடித்த, வழுவழுப்பான இலையுள்ள தொங்கும் வகையை வைத்தோம். காலை வெயில் மட்டும் படும்படி, தாழ்வாரத்துக்குள், பாதிக்குப் பாதி ஆற்றுமணல் கலந்த சாடியில் இருக்கிறது. மண் காய்ந்த பிறகே தண்ணீர். பூ குறைவு, ஆனாலும் உயிரோடிருக்கிறது.

பட்டிப்பூவுக்கு இந்தச் சேவகம் தேவையில்லை. மடகஸ்காரிலிருந்து வந்த நித்தியகல்யாணிதான் அது. உச்சி வெயில், உப்பு, வறண்ட மணல் எதற்கும் அசையாது. விதை தானே விழுந்து பக்கத்துச் சாடியிலும் முளைக்கும். வெள்ளையும் ரோசாவும் வருடம் முழுக்கப் பூக்கும். தண்ணீர் தேங்கினால் மட்டும் இதுவும் அழுகும். புற்றுநோய் மருந்து வின்கிறிஸ்டின் இதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. செடி முழுக்க நஞ்சு, சின்னப் பிள்ளைகள் கடிக்காமல் பார்க்க வேண்டும். சும்மா கிடைக்கிற பூ என்று இதை ஒதுக்குவது எனக்கு மனவருத்தம்.

நிலத்தில் மதில் உள்ளவர்களுக்கு கடதாசிப்பூவும் (போகன்வில்லா) நல்லது. பல்கனிக்கு அதன் முள் சரிவராது.

என் தெரிவு பட்டிப்பூ. பெலார்கோனியம் தங்கைக்காக ஒரு சாடி. காற்று ஓங்கி அடித்த மறுநாள் காலையில் இரண்டின் இலைகளையும் குழாய்த் தண்ணீரால் கழுவிவிடுகிறோம்.