12 வால்வு, 7.3, டியூராமேக்ஸ்: பழைய அமெரிக்க டீசல் பிக்கப்பில் எதை நம்பலாம்?

அமெரிக்காவில் பழைய டீசல் பிக்கப் தேடுகிறவர் காதில் முதலில் விழும் பெயர் கம்மின்ஸ். நம்மூர் லாரிக்காரர்களுக்கும் அது புதிதல்ல. ஜாம்ஷெட்பூரில் தயாராகி டாடா லாரிகளில் ஏறிய 5.9 லிட்டர் பி வரிசை இஞ்சினின் உடன்பிறப்புதான் 1989 மாடலில் டாட்ஜ் பிக்கப்புக்குள் போனது. பெயர் கெட்டிதான். ஆனால் பெயரை மட்டும் பார்த்து விலை பேசினால் ஏமாறுவீர்கள். இந்த வண்டிகளில் இரும்பு சுலபத்தில் தேயாது. டீசலை நாசில் வரை கொண்டுபோகும் சாமான்தான் ஆண்டுக்கு ஆண்டு மாறியது. வண்டியை நடுவழியில் நிறுத்துவது பெரும்பாலும் அதுதான்.

1994 முதல் 1998 நடுப்பகுதி வரை வந்த 12 வால்வு கம்மின்ஸுக்கு இன்னும் கிராக்கி இருப்பதில் நியாயம் உண்டு. வரிசையாக ஆறு சிலிண்டர், பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு, கேம் சுற்றுவது கியரில். பக்கத்தில் டீசலை அழுத்தி இன்ஜெக்டர்களுக்கு அனுப்பும் போஷ் பி7100 இன்லைன் பம்ப். இஞ்சின் ஓடக் கம்ப்யூட்டர் வேண்டாம். டீசலை அடைக்கும் சோலனாய்டு செத்தால்கூட அதன் நெம்புகோலைக் கம்பியால் தூக்கிக் கட்டி வீடு வந்து சேரலாம். வால்வு கிளியரன்ஸ் இன்டேக் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.51 மி.மீ. ஃபீலர் கேஜ் பிடிக்கத் தெரிந்தவர் வாசலிலேயே வைத்து முடித்துவிடுவார்.

இதற்கும் ஒரு எமன் உண்டு. டைமிங் கியர் ஹவுசிங்கை பிளாக்கில் சரியான இடத்தில் உட்காரவைக்கும் ஒரு சிறு எஃகு பின். அதிர்வில் மெல்ல மெல்ல வெளியே நகர்ந்து கியர்களுக்கு நடுவே விழுந்தால் ஹவுசிங் உடையும், கியர் பல் போகும், நேரம் சரியில்லை என்றால் வால்வும் வளையும். வைத்தியம் மலிவானது: ஃபேன், கிராங்க் டேம்பர், முன் கவர் மூன்றையும் கழற்றி, பக்கத்து போல்ட்டின் அடியில் ஒரு சிறு பட்டையைச் செருகி, பின்னின் வாயை மூடி, போல்ட் தளராமல் பிடிக்கும் லாக்டைட் பசை போட்டு முறுக்க வேண்டும். செய்ததற்குப் பில் இல்லை என்றால் செய்யவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இஞ்சின் தாங்கும், சுற்றியிருக்கும் டாட்ஜ் தாங்காது. ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் இந்த டார்க்குக்கு ஈடுகொடுக்காது. என்வி4500 மேனுவலில் ஐந்தாம் கியரின் நட் தளர்ந்து, கியர் பின்னால் நழுவி ஐந்தாவது மட்டும் காணாமல் போகும். டாஷ்போர்டு பிஸ்கட் மாதிரி நொறுங்கும். அதற்கு மருந்து கிடையாது, பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

1998 நடுவில் வந்த 24 வால்வும் 12 வால்வின் புகழிலேயே விற்பனையாகிறது. இங்கேதான் பலர் விழுகிறார்கள். இதிலுள்ள விபி44 பம்பில் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. டீசலே அதற்கு உயவு, டீசலே குளிர்ச்சி. டீசலைத் தள்ளிக்கொடுக்கும் சிறு எலெக்ட்ரிக் பம்போ நோஞ்சான். அது தளர்ந்தாலும் இஞ்சின் உடனே நிற்காது. விபி44 பட்டினியில் ஓடி உள்ளே தேய்ந்து, ஒருநாள் மொத்தமாகச் சாகும். பெரிய செலவு அதுதான். ஒரு ஃப்யூல் பிரஷர் கேஜ் மாட்டி, ஏற்றத்தில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பாருங்கள். 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் நின்றால் நிம்மதி; 5-க்குக் கீழே இறங்கினால் வண்டியை எடுக்கும் முன்பே புதிய விபி44-இன் விலையையும் கணக்கில் சேருங்கள். பிளாக்கின் பக்கவாட்டில் 53 என்று வார்த்திருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். அந்த வார்ப்பில் தண்ணீர் ஓடும் சுவர் மெல்லியது. பிளாக்கின் பக்கத்திலுள்ள வட்டத் தகட்டு மூடிகளான ஃப்ரீஸ் பிளக்குகளுக்குக் கீழே கிடையாக விரிசல் விட்டுக் கூலன்ட் கசியும்.

ஃபோர்டின் 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் இஞ்சினை நாவிஸ்டார் கம்பெனி செய்தது. 1994 நடுவிலிருந்து 2003 வரை ஓடியது. இதில் இன்ஜெக்டரை அழுத்துவது டீசல் பம்ப் அல்ல, இஞ்சின் ஆயில். செல்ஃப் அடிக்கும்போது ஆயில் அழுத்தம் ஏறத்தாழ 500 பி.எஸ்.ஐ. வராவிட்டால் இன்ஜெக்டர் திறக்காது. அதனால் ஆயில் இந்த வண்டிக்கு வெறும் உயவு இல்லை. சுமார் 14 லிட்டரையும் நேரத்துக்கு மாற்றியே ஆக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று நின்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கேம் பொசிஷன் சென்சார். அனுபவஸ்தர்கள் ஒரு ஸ்பேர் சென்சாரும் 10 மி.மீ. சாக்கெட்டும் வண்டியிலேயே போட்டு வைப்பார்கள். குளிரில் வெள்ளைப் புகையோடு அடம்பிடித்தால், சிலிண்டரை முன்கூட்டியே சூடாக்கும் குளோ பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் ரிலேவைச் சந்தேகியுங்கள். சாவியைத் திருப்பியதும் அதன் இரண்டு பெரிய முனைகளிலும் வோல்ட் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ரிலேவை மாற்றுங்கள்.

7.3-ல் வெளியே தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. சிலிண்டருக்குத் தனி லைனர் கிடையாது. கூலன்டில் சிலிண்டர் சுவரைக் காக்கும் சேர்மானம் குறைந்தால், அதிர்வில் உண்டாகும் குமிழிகள் வெடித்து வெடித்துச் சுவரை வெளிப்புறத்திலிருந்து அரிக்கும். ஓட்டை விழுந்தால் பிளாக்கே போச்சு. ரேடியேட்டரில் டெஸ்ட் ஸ்ட்ரிப் முக்கிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அது தேறினால், தினசரி ஓட்டத்துக்கு 24 வால்வை விட 7.3 நல்லது என்பேன். இழுவை கம்மின்ஸ் அளவு இல்லைதான். ஆனால் பழுதுகள் சிறியவை, முன்கூட்டியே தெரிந்தவை.

ஜெனரல் மோட்டார்ஸின் (ஜிஎம்) 6.5 லிட்டர் இஞ்சினை விலை மலிவு என்று எடுக்க வேண்டாம். 1994 முதல் வந்த எலெக்ட்ரானிக் பம்பை இயக்கும் டிரைவர் என்ற மின்னணுப் பெட்டியைச் சூடான இஞ்சினின் நடுப்பள்ளத்திலேயே வைத்தார்கள். வெந்து வெந்து சாகிறது. ஹீட் சிங்க்கோடு வெளியே மாற்றி வைத்தால் பிழைக்கும். பேரிங் தாங்கும் சுவரில் விழும் விரிசலுக்கு என்ன செய்வது?

2001-ல் ஐசுசுவோடு சேர்ந்து ஜிஎம் கொண்டுவந்த டியூராமேக்ஸ் எல்பி7 வேறு ஜாதி. எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில், பின்னால் அலிசன் கியர் பாக்ஸ். ஆட்டோமேட்டிக் வேண்டும் என்பவருக்கு இந்த வரிசையில் இதைவிட நல்லது இல்லை. தலைவலி இன்ஜெக்டர். வால்வு கவருக்கு அடியில் புதைந்திருப்பதால் சாமான் விலைக்கு மேல் கூலி ஏறும். உடல் விரிசல் விட்டால் டீசல் ஆயிலில் கலக்கும். டிப் ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். அளவு கூடியிருந்து டீசல் வாடை அடித்தால் வண்டியைத் தொடாதீர்கள்.

கடைசியில் ஃபோர்டு 6.0, 2003 முதல் 2007 வரை. பேரைச் சொன்னாலே மெக்கானிக் சிரிப்பார். ஒரு கோளாறு அடுத்ததை இழுத்துக்கொண்டு வருவதுதான் இதன் கதை. ஆயில் கூலரின் குறுகிய வழிகள் வார்ப்பு மணலாலும் கூலன்ட் கசடாலும் அடைபடும். இஞ்சினுக்கே திருப்பிவிடும் புகையைக் குளிரவைக்கும் ஈஜிஆர் கூலர், தண்ணீர் குறைந்து வெடிக்கும். கூலன்ட் சிலிண்டருக்குள் போகும். ஹெட் போல்ட் நீண்டு கேஸ்கெட் ஊதும். ஹெட்டைக் கழற்ற, பல ஷெட்டுகளில் கேபினையே ஃபிரேமிலிருந்து தூக்கிவிடுகிறார்கள். ஹெட் போல்ட்டுக்குப் பதிலாகப் போடும் வலுவான ஹெட் ஸ்டட், புதிய ஆயில் கூலர் இரண்டையும் முந்தைய சொந்தக்காரரே போட்டு, பில்லும் வைத்திருந்தால், மலிவாகக் கிடைக்கும் 6.0 மோசமான பேரம் இல்லை. ஸ்கேனர் மாட்டி நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டுங்கள்: ஆயில் சூடு கூலன்ட் சூட்டை 8 டிகிரி செல்சியசுக்கு மேல் தாண்டினால் கூலர் அடைத்திருக்கிறது. இன்ஜெக்டர்களுக்கு மின்சாரம் கொடுக்கும் மாடுலில் 48 வோல்ட் நிற்க வேண்டும். 45-க்குக் கீழே போனால் முதலில் இரண்டு பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் பாருங்கள்.

எந்த வண்டியானாலும், பார்க்க வருமுன் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிரில் அது எப்படி எழும் என்பதைக் காட்ட அவருக்கு மனமில்லை.