கட்டானா, டிக்கெட் டு ரைடா?

குடும்பத்தோடு போர்டு கேம் கடைக்குப் போனால் இந்த இரண்டு பெட்டிகளுக்கு முன்னால்தான் பலரும் தயங்கி நிற்பார்கள். 1995-இல் வந்த கட்டான், 2004-இல் வந்த டிக்கெட் டு ரைடு. இரண்டுமே அந்தந்த ஆண்டில் ஜெர்மனியின் 'ஆண்டின் விளையாட்டு' விருதை வாங்கியவை.

கட்டானின் உயிர் பேரத்தில் இருக்கிறது. "ஒரு செங்கல் தர்றேன், ரெண்டு கம்பளி தா" என்று அப்பாவிடமே மகள் கறாராகப் பேசுவாள். அப்புறம் இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகையாக 7 விழும். ஆறு முறை உருட்டினால் சராசரியாக ஒரு முறை விழும் எண் அது. செங்கல், கம்பளி போன்ற பொருள் அட்டைகளைக் கையில் 7-க்கு மேல் வைத்திருப்பவர் பாதியை இழக்க வேண்டும். சின்னப் பிள்ளை என்றால் அங்கேயே அழுகை தொடங்கிவிடும். போதாக்குறைக்கு, அடிப்படைப் பெட்டியில் 3 அல்லது 4 பேர்தான் ஆடலாம்.

டிக்கெட் டு ரைடில் இந்தத் தலைவலி குறைவு. வண்ண அட்டைகளைச் சேர்த்து, வரைபடத்தில் குட்டி ரயில் பெட்டிகளை அடுக்கினால் போதும். 2 முதல் 5 பேர் வரை ஆடலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கும் விதிகளைக் கடையிலேயே சொல்லிக்கொடுத்துவிடலாம். முதல் பெட்டியாக நான் இதைத்தான் எடுப்பேன். ஒரே ஒரு எச்சரிக்கை: ஆளுக்கு 45 ரயில் பெட்டிகள். சோபாவுக்கு அடியில் தேடத் தயாராக இருங்கள்.