சிபாப் கருவி: பக்கத்தில் படுப்பவளின் மதிப்பீடு

தன் கணவருக்கு மருத்துவர் சிபாப் (தூக்கத்தில் மூச்சு தடைபடுபவர்களுக்கு மாஸ்க் வழியாக இரவெல்லாம் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) எழுதிக் கொடுத்திருப்பதாகவும், வாங்கலாமா என்றும் தோழி ஒருத்தி கேட்டதால் இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் அதை மாட்டிக்கொள்பவர் என் கணவர். அதன் காற்றை வாங்கிக்கொள்பவள் நான்.

மாட்டிய அன்றைக்கே குறட்டை நின்றது. தூக்கப் பரிசோதனையில் அவருக்கு மணிக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு தடைபட்டது. அது தீவிர நிலை. வீட்டுக்கு வந்ததும் சோபாவிலேயே உறங்கிவிடுவதற்கும், என் பக்கம் திரும்பாமலே மாதங்கள் கழிந்ததற்கும் காரணம் மனக்கசப்பல்ல, அறுபட்ட தூக்கமும் இரவெல்லாம் இறங்கி ஏறும் ஆக்சிஜனும் உடலின் விருப்பத்தையே அடக்கிவிடக்கூடும் என்று மருத்துவர் இருவரையும் உட்கார வைத்து விளக்கினார். சில மாதங்களில் அந்த விருப்பம் திரும்பியது. அடுத்த அறைக்குப் போயிருந்த என் தலையணையும் திரும்பியது.

இனி அந்தத் துளைகள். வெளிவிடும் கரியமில வாயு உள்ளே தேங்கக் கூடாது என்பதற்காக மாஸ்க்கின் முன்புறம் எப்போதும் திறந்திருக்கும் அவற்றை அடைக்கவே கூடாது. அவர் என் பக்கம் திரும்பிப் படுத்தால் அந்தக் காற்று நேராக என் கண்ணிலும் கழுத்திலும் அடிக்கிறது. கருவியின் சத்தம் மின்விசிறிச் சத்தத்தில் கரைந்துவிடுகிறது. இந்தக் காற்றோ எதிலும் கரைவதில்லை. இத்தனை நாள் கழித்துத் திரும்பக் கிடைத்த மனிதரிடம் “அந்தப் பக்கம் திரும்பிப் படுங்கள்” என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் சிறிய மாஸ்க்குக்கு மாறியபின் கன்னத்துத் தடம் மறைந்தது, காற்றும் சற்றுச் சிதறுகிறது. ஆனால் அதை மாட்டிக்கொண்டு பேச வாய் திறந்தால் காற்று வாய்வழியே பீறிடுகிறது. ஆகவே பேச்சும் கொஞ்சலும் முடியும்வரை மாஸ்க் மேசையில்தான் இருக்கும் என்பது எங்கள் ஏற்பாடு. அப்படியே அவர் அயர்ந்துவிட்டால் குறட்டை தொடங்கிவிடும். தோளைத் தட்டி எழுப்பி, “மாட்டிக்கொள்ளுங்கள்” என்று சொல்வதும் என் வேலைதான். மனைவி செவிலியாகும் அந்த நொடியை விற்பனையாளர் எவரும் விளக்குவதில்லை. (மின்சாரம் போனால் கருவி நின்றுவிடும்; இன்வெர்ட்டரில் இணைத்துவிடுங்கள்.)

ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்; இன்று கழுத்து பிடித்துக்கொண்டிருக்கிறது. இருந்தாலும் தள்ளிப்போடாமல் வாங்கிவிடு என்றுதான் தோழியிடம் சொன்னேன். கணவர் மாஸ்க்கை மாட்டிப் பார்க்கும்போது அவளும் உடன் போய், அவர் முகத்தருகே கையை வைத்து, காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்துக்கொள்ளட்டும்.